காட்டிக் கொடுக்கும் கணக்குகள்! கண்டுகொள்ளாத சமுதாயம்!

 

பெயர் வெளியே தெரியாமல் இந்தச் சமுதாயத்திற்காக உழைக்கும் ஒரு கூட்டம் இருக்கிறது. மேடையில் அவர்களுக்கு நாற்காலி கிடையாது. சுவரொட்டியில் அவர்கள் படம் இருக்காது. பகலெல்லாம் ஏதோ ஒரு கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, இஷாவுக்குப் பிறகு கணினியின் முன் அமர்ந்து, ஒரு புனைபெயரில் ஊழியம் செய்கிறார்கள். பொய்ச் செய்தி பரவினால் அதன் மூலத்தைத் தேடியெடுத்து மறுப்பு எழுதுகிறார்கள். வக்ஃப் சொத்துகளின் பழைய ஆவணங்களைத் தொகுக்கிறார்கள். விக்கிப்பீடியா போன்ற கலைக்களஞ்சியங்களில் நம் வரலாறு திரிக்கப்படும்போது ஆதாரத்தோடு திருத்துகிறார்கள். காஸாவின் செய்திகளைத் தமிழுக்குக் கொண்டு வருகிறார்கள். நாம் மேடையில் ஆதாரங்களை அடுக்கிக் கைதட்டு வாங்குகிறோமே, அந்த ஆதாரங்களில் பலவற்றைத் தூக்கம் விழித்துத் தேடித் தந்தவர்கள் இவர்கள்தாம்.

ஏன் பெயரை மறைக்கிறார்கள்? ஒருவர் அரசு ஊழியர். இன்னொருவர் வளைகுடாவில் விசாவை நம்பி வாழ்பவர். இன்னொருவர் சகோதரி, தன் பெயரும் படமும் கயவர்களின் கையில் சிக்கக் கூடாது என்று நினைப்பவர். வேறு சிலர் அல்லாஹ்வுக்காகச் செய்வதை அடுத்தவர் அறிய வேண்டியதில்லை என்று கருதுபவர்கள். காரணம் எதுவானாலும், அந்த மறைக்கப்பட்ட பெயர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

அந்த அமானிதம் இன்று ஒழுகிக் கொண்டிருக்கிறது. ஒரு கணக்கையும் இன்னொரு கணக்கையும் இணைக்கும் முடிச்சுகளின் வழியாக ஒழுகுகிறது. சில முடிச்சுகளை இணையக் கம்பெனிகள் போடுகின்றன. சிலவற்றை அந்த ஊழியர்களே அறியாமல் போட்டுக் கொள்கிறார்கள். மிச்சத்தை, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, நாம் போடுகிறோம்!

வாஷிங்டனில் தீட்டப்பட்ட திட்டம்

இது வீண் பயம் என்று நினைப்பவர்கள் 2025 ஜனவரியில் வெளியான செய்தியைப் பார்க்கட்டும். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் என்ற வலதுசாரி அமைப்பு இருக்கிறது. டிரம்ப் ஆட்சிக்காக ‘புராஜெக்ட் 2025’ என்ற திட்டத்தைத் தயாரித்த அதே அமைப்புதான். இஸ்ரேல் தொடர்பான கட்டுரைகளில், தங்கள் பார்வையில் யூத விரோதமாக எழுதுகிற விக்கிப்பீடியா தன்னார்வலர்களை அடையாளம் கண்டு குறிவைக்க அந்த அமைப்பு ஒரு திட்டம் தீட்டியது. அந்த ஆவணத்தைப் பெற்று அம்பலப்படுத்தியது ‘ஃபார்வர்ட்’ என்ற அமெரிக்க யூதப் பத்திரிகை என்பதையும் நியாயத்தோடு சொல்லியாக வேண்டும்.

அந்தத் திட்டத்தில் சொல்லப்பட்ட வழிமுறைகளைக் கவனியுங்கள். ஒரே புனைபெயரைப் பல தளங்களில் பயன்படுத்தியவர்களைத் தேடுவது. ஏற்கெனவே களவு போன தரவுக் குவியல்களில் அந்தப் பெயரைப் போட்டுப் பார்ப்பது. எழுத்து நடையை ஒப்பிடுவது. முக அடையாள மென்பொருளில் படத்தைப் போட்டுப் பார்ப்பது. போலிக் கணக்குகளின் மூலம் பேச்சுக் கொடுத்து, தாங்கள் அனுப்பும் லிங்கைத் தொட வைத்து, இணைப்பின் முகவரியைப் பறிப்பது. யார் வீட்டுக் கதவையும் உடைக்கத் தேவையில்லை. உளவாளியை அனுப்பத் தேவையில்லை. அந்த ஊழியர் தானாகப் போட்டு வைத்திருக்கிற முடிச்சுகளைப் பிடித்துக் கொண்டு போனால் போதும். நூலின் மறுமுனையில் அவர் வீடு இருக்கும்.

பெயர் தெரிந்த பின் என்ன நடக்கிறது?

பெலாரஸ் நாட்டில் மார்க் பெர்ன்ஸ்டைன் என்ற விக்கிப்பீடியா ஊழியர் இருந்தார். உக்ரைன் மீதான ரஷ்யப் படையெடுப்பு பற்றிய கட்டுரைகளைத் திருத்தினார் என்று சொல்லி, அவருடைய சொந்த விவரங்களை அரசு ஆதரவு டெலிகிராம் சேனல் ஒன்று வெளியிட்டது. 2022 மார்ச்சில் மின்ஸ்க் நகரில் கைது செய்யப்பட்டார். முதலில் 15 நாள் காவல். பிறகு 3 ஆண்டு நடமாட்டக் கட்டுப்பாட்டுத் தண்டனை. அவர் எந்த ஆயுதத்தையும் தூக்கவில்லை. ஒரு கலைக்களஞ்சியத்தில் சில வரிகளைத் திருத்தியதே குற்றம்.

முஸ்லிம் நாடாக இருந்தால் இப்படி நடக்காது என்று யாரும் ஏமாற வேண்டாம். அரபு விக்கிப்பீடியாவில் ஊழியம் செய்த உஸாமா காலித் என்ற இளைஞரும் இன்னொருவரும் 2020இல் சவூதியில் கைது செய்யப்பட்டார்கள். அவர்களுக்கு நீண்ட சிறைத் தண்டனை விதிக்கப்பட்டிருப்பதை 2023 ஜனவரியில் மனித உரிமை அமைப்புகள் உலகுக்கு அறிவித்தன. கிப்லாவின் திசையிலிருந்து வருகிற அநீதியும் அநீதிதான்.

நம் நாட்டுக்கு வருவோம். ஏஎன்ஐ என்ற செய்தி நிறுவனம், விக்கிப்பீடியாவில் தன்னைப் பற்றி எழுதப்பட்டிருந்தவை அவதூறு என்று சொல்லி, 2 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு 2024 ஜூலையில் தில்லி உயர்நீதிமன்றம் போனது. அந்தப் பக்கத்தைத் திருத்திய 3 பயனர்களின் விவரங்களைத் தர வேண்டும் என்று ஆகஸ்டில் உத்தரவு வந்தது. தராததற்காக செப்டம்பரில் நீதிமன்ற அவமதிப்பு நோட்டீஸ் வந்தது. நவம்பரில்தான், விவரங்களைப் பகிரங்கப்படுத்தாமல், முத்திரையிட்ட உறையில் நீதிமன்றத்திடம் மட்டும் தருவது என்ற ஏற்பாடு ஏற்பட்டது. அந்த 3 பேரும் புனைபெயரில் எழுதிய சம்பளமில்லாத தன்னார்வலர்கள். எழுதியது சரியா தவறா என்று நீதிமன்றம் தீர்மானிப்பதற்கு முன்பே அவர்களின் அடையாளம் பந்தயப் பொருளாகி விட்டது.

நீதிமன்றத்திலாவது ஒரு வாசல் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார், முத்திரையிட்ட உறை இருக்கிறது. தெருவில் திரியும் கும்பலுக்கு இவை எதுவும் கிடையாது. அவர்களுக்குத் தேவை பெயர், ஊர், படம். 2021 ஜூலையில் ‘சுல்லி டீல்ஸ்’, 2022 ஜனவரி 1ஆம் தேதி ‘புல்லி பாய்’ என்ற பெயர்களில் நம் சகோதரிகளை ஏலம் விடுவதாகப் போட்டார்களே, அந்தப் படங்களைப் பூட்டை உடைத்துத் திருடவில்லை. அந்தச் சகோதரிகள் வெளிப்படையாக வைத்திருந்த சமூக ஊடகக் கணக்குகளிலிருந்து எடுத்தார்கள். துணிச்சலோடு சொந்தப் பெயரில் குரல் கொடுத்த பெண்களுக்கே அந்தக் கதி என்றால், மறைந்திருக்க விரும்பும் ஒரு சகோதரியின் பெயரை அவிழ்த்து விடுபவன் அவளை எங்கே தள்ளுகிறான் என்று யோசித்துப் பாருங்கள்.

முடிச்சு விழும் விதம்

தொழில்நுட்பம் தெரியாது என்று பெரியவர்கள் பக்கத்தைப் புரட்டி விட வேண்டாம். மளிகைக் கடைக் கணக்கைவிட இது எளிது.

முதல் முடிச்சு, பெயர். கல்லூரிக் காலத்தில் கிரிக்கெட் விவாதத்துக்காக ஒரு பயனர் பெயரை வைத்தீர்கள். பத்து ஆண்டு கழித்துச் சமுதாய ஊழியத்துக்கும் அதே பெயரை வைக்கிறீர்கள். பழைய கணக்கில் உங்கள் ஊரும், பள்ளிக்கூடமும், அண்ணன் கல்யாணப் படமும் இருக்கின்றன. ஒரு தேடலில் இரண்டும் அருகருகே வந்து நிற்கும்.

இரண்டாவது முடிச்சு, செல்போன் எண். நம் நாட்டில் அடையாளச் சான்று கொடுக்காமல் சிம் வாங்க முடியாது. எனவே எண் என்பது பெயர்தான். இரண்டு கணக்குகளுக்கும் ஒரே எண்ணுக்கு ஓடிபி வருகிறது என்றால், கம்பெனியின் ஏட்டில் அந்த இரண்டு பேரும் ஒரே ஆள். ‘கம்பெனிக்குள்தானே இருக்கிறது’ என்கிறீர்களா? 2021 ஏப்ரலில் 106 நாடுகளைச் சேர்ந்த 53 கோடிக்கும் மேற்பட்ட ஃபேஸ்புக் பயனர்களின் விவரங்கள் செல்போன் எண்ணோடு இணையத்தில் கொட்டப்பட்டன. அவர்களில் இந்தியர்கள் சுமார் 60 லட்சம். செல்போனிலுள்ள கான்டாக்ட் லிஸ்டை ஏற்றி நண்பர்களைக் கண்டுபிடிக்கும் வசதியைத் தவறாகப் பயன்படுத்தித்தான் அவ்வளவும் சுரண்டப்பட்டது.

டிவிட்டர் கதை இதைவிடப் பாடம் நிறைந்தது. ஒரு மின்னஞ்சலையோ செல்போன் எண்ணையோ கொடுத்தால், அது எந்தக் கணக்குக்குச் சொந்தம் என்று காட்டி விடுகிற ஓட்டை 2021 ஜூனில் அதன் மென்பொருளில் விழுந்தது. அதன் வழியாகத் திரட்டப்பட்ட சுமார் 54 லட்சம் கணக்குகளின் விவரம் விற்பனைக்கு வந்தது. 2022 ஆகஸ்டில் கம்பெனியே இதை ஒப்புக்கொண்டு, புனைபெயரில் கணக்கு வைத்திருப்பவர்கள் ஊரறிந்த எண்ணையும் மின்னஞ்சலையும் அதில் சேர்க்க வேண்டாம் என்று புத்தி சொன்னது. குதிரை ஓடிய பிறகு லாயத்தைப் பூட்டச் சொன்ன கதை!

ஹாங்காங்கில் 2019 போராட்டத்தின்போது இளைஞர்கள் டெலிகிராமை நம்பினார்கள். குழுவில் எண் தெரியாதபடி மறைத்தும் வைத்தார்கள். ஆனால் ஆயிரக்கணக்கான எண்களை வரிசையாகத் தன் செல்போனில் சேமித்துக்கொண்டு ஒருவர் அந்தக் குழுவுக்குள் நுழைந்தால், எந்த எண் எந்தக் கணக்கு என்று பொருந்திவிடும் என்பது தெரியவந்தது. அதற்குப் பிறகுதான் தன் எண்ணை வைத்துத் தன்னை யாரும் தேட முடியாதபடி அடைக்கும் வசதியை டெலிகிராம் கொண்டு வந்தது. அந்த வசதி இருக்கிறது என்பதே நம்மில் பலருக்கு இன்னும் தெரியாது.

மூன்றாவது முடிச்சு, ‘கூகுள் கணக்கின் வழியாக நுழைக’ என்ற பொத்தான். ஒரு பாஸ்வேர்டை மிச்சப்படுத்துவதற்காக அதைத் தொடுகிறோம். வங்கிக்கும், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கும் பயன்படும் சொந்த மின்னஞ்சலோடு புனைபெயர்க் கணக்கு அந்த நொடியில் இணைந்துவிடுகிறது. ஒன்றின் சாவி களவு போனால் மற்றதும் போச்சு.

நான்காவது முடிச்சு, படமும் நேரமும். செல்போனில் எடுத்த படத்தின் உள்ளே, எடுத்த நாள், கருவியின் பெயர், சில நேரம் இடத்தின் அட்சரேகை கூடப் பதிந்திருக்கும். தன் ஊர்ப் பள்ளிவாசலை ஆர்வத்தோடு படமெடுத்து ஏற்றுகிற தம்பி தன் முகவரியையும் சேர்த்து ஏற்றுகிறார். விக்கிப்பீடியாவில் ஒரு பயனர் செய்த அத்தனை திருத்தங்களும் மணி, நிமிடத்தோடு எவரும் பார்க்கும்படி வரிசையாக நிற்கின்றன. எல்லா மொழிகளுக்கும் ஒரே கணக்கு. வெள்ளிதோறும் பன்னிரண்டரை முதல் இரண்டு மணி வரை ஒரு கணக்கு மௌனமாக இருந்தால், ரமளான் முழுவதும் சஹர் நேரத்தில் விழித்திருந்தால், அந்தக் கணக்குக்காரர் யார் என்பதில் பாதி தெரிந்து விடாதா?

தனித்தனியாகப் பார்த்தால் இவை அற்பத் துணுக்குகள். ஒன்றோடொன்று சேரும்போதுதான் கயிறாகின்றன. 2020 மார்ச் 11ஆம் தேதி மக்களவையில் உள்துறை அமைச்சர் அமித் ஷா என்ன சொன்னார்? தில்லிக் கலவர வீடியோக்களிலுள்ள முகங்களை, வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம் முதலிய அரசுத் தரவுகளோடு மென்பொருளால் ஒப்பிட்டு 1,100க்கும் மேற்பட்டோரை அடையாளம் கண்டதாகச் சொன்னார். லைசென்ஸ் எடுக்கும்போது கொடுத்த படம் அது. வண்டி ஓட்டக் கொடுத்தது வழக்குக்குப் பயன்படுகிறது. ஒன்றுக்காகக் கொடுத்ததை வேறொன்றோடு முடிச்சுப் போடுவதுதான் இந்தக் காலத்தின் வேட்டை முறை.

தொழுகையைக் கூட விட்டு வைக்கவில்லை. தொழுகை நேரமும் கிப்லாவும் காட்டும் ‘முஸ்லிம் புரோ’ செயலி உலகெங்கும் கோடிக்கணக்கில் இறக்கப்பட்டது. அதன் பயனர்களின் இருப்பிடத் தரவு எக்ஸ்-மோட் என்ற தரவு வியாபாரக் கம்பெனிக்குப் போனதையும், அந்தக் கம்பெனியின் தரவு அமெரிக்க இராணுவ ஒப்பந்தக்காரர்களைச் சென்றடைந்ததையும் 2020 நவம்பரில் பத்திரிகையாளர்கள் அம்பலப்படுத்தினார்கள். அதன் பிறகே அந்தச் செயலி உறவை முறித்துக் கொண்டது. மக்காவை நோக்கித் திரும்பியவனின் இருப்பிடம் எங்கெங்கோ விலை போயிருக்கிறது!

ஆட்டு மந்தை ஓட்டிய ஆமிர் (ரலி)

தடயத்தை அழிப்பது கோழைத்தனம், நயவஞ்சகம் என்று சிலர் பேசுகிறார்கள். அவர்கள் ஹிஜ்ரத்தைப் படிக்கவில்லையா?

நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் ஸவ்ர் குகையில் 3 இரவுகள் தங்கினார்கள். பிடித்துத் தருபவருக்கு 100 ஒட்டகம் என்று குறைஷிகள் விலை வைத்திருந்தார்கள். அபூபக்ரின் மகன் அப்துல்லாஹ் இரவில் குகைக்கு வந்து செய்தி சொல்லிவிட்டு, விடிவதற்குள் மக்கா திரும்பி, இரவெல்லாம் ஊரிலேயே தூங்கியவர் போல நடமாடினார். பகலில் ஓர் ஆள், இரவில் ஓர் ஆள். இரண்டும் ஒன்று என்று எவருக்கும் தெரியவில்லை. அவருடைய காலடித் தடம் மணலில் இருக்குமே? அதன் மேல் ஆமிர் பின் ஃபுஹைரா (ரலி) ஆட்டு மந்தையை ஓட்டி வந்து தடத்தைக் கலைத்தார் என்று வரலாற்று ஆசிரியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். மக்காவின் கணக்கையும் குகையின் கணக்கையும் இணைக்கும் முடிச்சை அந்த இடையர் அவிழ்த்துக் கொண்டே வந்தார்!

வழிகாட்டியாக அமர்த்தப்பட்ட அப்துல்லாஹ் பின் உரைகித் அப்போது முஸ்லிம் கூட இல்லை. ஆனால் அமானிதம் காத்தார். 100 ஒட்டகத்துக்கு அவர் விலை போகவில்லை. அஸ்மா (ரலி) அவர்களிடம் அபூஜஹ்ல் வந்து தந்தை எங்கே என்று கேட்டு, காதணி தெறித்து விழும்படி அறைந்தான். அறை வாங்கினார், இடத்தைச் சொல்லவில்லை.

இன்று நம்மை எவனும் அறையவில்லை. ஒட்டகம் தருகிறேன் என்று யாரும் சொல்லவில்லை. நாலு லைக்குக்காக நாமாகவே சொல்லி விடுகிறோம்!

நம் கைகள் செய்வதென்ன?

இப்போது உள்வீட்டுக் கதைக்கு வருவோம். கசக்கும், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியாது.

ஒரு புனைபெயர்க் கணக்கு நன்றாக எழுதுகிறது. உடனே நம் நிர்வாகிகளுக்குப் பெருமை தாங்கவில்லை. ‘அது நம்ம தம்பிதான், இன்ன ஊர்க்காரர்’ என்று நாலு பேர் இருக்கும் இடத்தில் சொல்கிறார்கள். சந்திப்பில் அவரை நடுவில் நிறுத்திப் படமெடுத்துப் பதிகிறார்கள். படத்துக்குக் கீழே அந்தப் புனைபெயரையே டேக் செய்கிறார்கள். பாராட்டுகிறோம் என்று நினைத்துக் கொண்டு கழுத்தில் பெயர்ப் பலகையை மாட்டி விடுகிறார்கள்.

இன்னொரு பக்கம், சேவை என்ற பெயரில் பட்டியல்கள். ரத்த தானம் நம் சமுதாயத்தின் கண்ணியம், அதில் சந்தேகமில்லை. ஆனால் கொடையாளர்களின் பெயர், ஊர், எண் அடங்கிய முழுப் பட்டியலையும் எல்லோரும் பார்க்கும்படி போடுவது ஏன்? ஜகாத் கேட்டு வந்த விதவையின் ஆதார் நகலை 200 பேர் கொண்ட வாட்ஸ்அப் குழுவில் சுற்ற விடுவது எந்த ஷரீஅத்? 2020 பிப்ரவரியில் வாட்ஸ்அப் குழுக்களின் அழைப்பு லிங்குகள் கூகுள் தேடலிலேயே அகப்பட்டன என்ற செய்தி வந்ததே, யாராவது நம் குழுக்களை எடுத்துப் பார்த்தோமா? ஒரு தன்னார்வலரின் எண்ணை ‘ஐடி விங் பாய்’ என்று நீங்கள் சேமித்து வைக்கிறீர்கள். அழைப்பவரின் பெயரைக் காட்டும் செயலிக்கு உங்கள் கான்டாக்ட் லிஸ்டைத் திறந்தும் விடுகிறீர்கள். அவர் அந்தச் செயலியைத் தொட்டதே இல்லை. ஆனால் அவர் யாரென்று ஊருக்குச் சொல்ல உங்கள் செல்போன் போதும்.

இவையெல்லாம் கவனக்குறைவு என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது பாவம். இயக்கம் இரண்டாகப் பிளந்தால், அந்தப் பக்கம் எழுதுகிற புனைபெயர்க்காரன் யார் என்று துருவி எடுப்பது நம்மில் சிலருக்கு வீரவிளையாட்டாகி விட்டது. பழைய உரையாடல்களின் ஸ்கிரீன்ஷாட், ஒரே புனைபெயரில் இருந்த பழைய கணக்கு, வேலை பார்க்கும் கம்பெனியின் பெயர் என்று ஒவ்வொன்றாகக் கோத்து ‘முகத்திரை கிழிந்தது’ என்று தலைப்புப் போடுகிறார்கள். ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் திட்டம் தீட்டியதை நம் சகோதரன் இலவசமாகச் செய்து தருகிறான்! கிழிந்தது அவன் முகத்திரை மட்டுமா? அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துக் கொண்டிருக்கும் காவிக் கும்பலுக்கு நம் இயக்கச் சண்டை எதுவும் தெரியாது. அவர்களுக்குக் கிடைத்தது ஒரு முஸ்லிமின் பெயர், ஊர், வேலை. அவ்வளவுதான்.

திருக்குர்ஆனின் 49:12 வசனம் துருவித் துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் ஒரே மூச்சில் தடை செய்கிறது. ஒருவர் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு, யாராவது கேட்கிறார்களா என்று சுற்றும் முற்றும் பார்த்தாலே அது அமானிதமாகி விடும் என்பது திர்மிதீயில் பதிவான நபிமொழியின் கருத்து. ‘யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்று அவர் வாய்திறந்து கேட்க வேண்டியதே இல்லை. புனைபெயர் வைத்துக் கொண்டதே அவர் சுற்றும் முற்றும் பார்த்ததற்குச் சமம். அதை மீறி அவிழ்ப்பவன் எந்த இயக்கத்தின் கொடியைப் பிடித்திருந்தாலும் அவன் செய்தது மோசடிதான்.

‘தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்?’

இப்படி ஒரு கேள்வி எப்போதும் வரும். கேட்பவரிடம் திருப்பிக் கேளுங்கள்: உங்கள் வீட்டுக்குக் கதவு ஏன்? ஜன்னலுக்குத் திரை ஏன்? 24:27 வசனம் அனுமதி பெறாமல் பிறர் வீட்டுக்குள் நுழையாதீர்கள் என்று கட்டளையிடுவது, உள்ளே குற்றவாளிகள் இருக்கிறார்கள் என்பதற்காகவா?

இடது கை அறியாமல் வலது கையால் தர்மம் செய்பவரை, அர்ஷின் நிழலில் இடம் பெறும் 7 வகையினரில் ஒருவராக நபி (ஸல்) அவர்கள் எண்ணினார்கள். மறைவு சில நேரங்களில் பாதுகாப்பு. சில நேரங்களில் இபாதத். நாட்டுச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி உச்சநீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று ஒரு சட்டமும் வந்தது. ஆனால் தான் விரும்பும் அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்கும் அதிகாரத்தை மத்திய அரசு அந்தச் சட்டத்திலேயே எடுத்துக்கொண்டது. பூட்டைச் செய்து மக்களிடம் தந்து, மாற்றுச் சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்ட மாதிரி!

ஒன்றைத் தெளிவாகச் சொல்லி விடுகிறோம். புனைபெயர் என்பது அவதூறு பேசுவதற்கான லைசென்ஸ் அல்ல. முகத்தை மறைத்துக்கொண்டு ஆலிம்களை ஏசுபவனுக்கும், பிற சமயத்தாரை இழிவு செய்பவனுக்கும், பொய் பரப்புபவனுக்கும் இந்தக் கட்டுரை கேடயம் ஆகாது. அல்லாஹ்விடம் புனைபெயர் செல்லாது. அதேபோல, முறையான நீதிமன்ற உத்தரவோடு வருகிற காவல்துறையிடமிருந்து புனைபெயர் எவரையும் காப்பாற்றாது. எண்ணைக் கொடுத்த கம்பெனியே பெயரைக் கொடுத்து விடும். சட்டபூர்வமான கோரிக்கை வந்தால் ஐபி முகவரியையும் செல்போன் எண்ணையும் தருவோம் என்று டெலிகிராமே 2024 செப்டம்பரில் அறிவித்து விட்டது. எனவே சட்டத்துக்கு முரணாக எதையும் எழுதாதீர்கள். நாம் பேசுவது, சட்டத்துக்கு உட்பட்டு நன்மையே செய்யும் ஓர் ஊழியரை, சட்டத்தை மதிக்காத கும்பலிடமிருந்து காப்பது பற்றி மட்டுமே.

செய்ய வேண்டியவை

ஊழியம் செய்யும் தம்பிமார்களே, தங்கைமார்களே!

புனைபெயர் ஊழியத்துக்கென்று தனியாக ஒரு மின்னஞ்சல் தொடங்குங்கள். அதை வேறெதற்கும் பயன்படுத்தாதீர்கள். இதற்கு முன் எங்கும் வைக்காத ஒரு பெயரை வையுங்கள். ‘கூகுள் வழியாக நுழைக’ பொத்தானைத் தொடாதீர்கள். எண் கேட்டால், கட்டாயமா என்று பாருங்கள். கட்டாயமில்லை என்றால் கொடுக்காதீர்கள். கான்டாக்ட் லிஸ்டைத் திறக்க அனுமதி கேட்டால் மறுத்து விடுங்கள். எண்ணையும் மின்னஞ்சலையும் வைத்து உங்களைத் தேட முடியாதபடி அமைப்புகளை மாற்றுங்கள். சொந்தக் கணக்குக்கு ஒரு பிரவுசர், ஊழியத்துக்கு வேறொரு பிரவுசர் என்று பிரித்துக் கொள்ளுங்கள். புதிதாகப் பேச்சுக் கொடுப்பவர் அனுப்பும் லிங்கைத் தொடாதீர்கள். படத்தை ஏற்றும் முன் அதனுள் பதிந்த இட விவரத்தை நீக்குங்கள். சொந்தக் கணக்கிலிருந்து புனைபெயர்க் கணக்கின் பதிவை முதல் ஆளாகப் போய்ப் பகிராதீர்கள். அப்துல்லாஹ்வின் காலடி போல அது தடம் காட்டும். ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ என்ற இடத்தை உங்கள் கணக்கில் நீங்களே ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். எண்ணின் கடைசி இலக்கங்களையோ மின்னஞ்சலின் முதல் எழுத்துகளையோ அது காட்டினால், ஊருக்கும் அதைக் காட்டும்.

நிர்வாகிகளே!

ஆமிரின் வேலை உங்களுடையது. தடத்தின் மேல் மந்தையை ஓட்டுங்கள். தடத்தின் மேல் விளக்கைப் பிடிக்காதீர்கள். தன்னார்வலரின் சொந்தப் பெயர் ஒருவருக்குத் தெரிந்தால் போதும் என்றால் இரண்டாமவருக்குச் சொல்லாதீர்கள். உறுப்பினர் படிவத்தில் தேவையில்லாத கட்டங்களை அடித்து விடுங்கள். ரத்த தானப் பட்டியலும் ஜகாத் பட்டியலும் பொறுப்பாளர் ஒருவரின் கையில் இருக்கட்டும். கேட்பவர் அவரை அழைக்கட்டும். வேலை முடிந்த குழுக்களைக் கலைத்து விடுங்கள். சகோதரிகளின் எண்ணை எந்தப் பொதுக் குழுவிலும் சேர்க்காதீர்கள். நிகழ்ச்சியில் படமெடுக்கும் முன் கேளுங்கள். வேண்டாம் என்றவரை வற்புறுத்தாதீர்கள். எதிர்த்தரப்பு இயக்கத்தின் புனைபெயர்க்காரரை அவிழ்த்துப் போட்டவர் நம் அமைப்பில் இருந்தால், அவர் எவ்வளவு பெரிய பேச்சாளராக இருந்தாலும் பொறுப்பிலிருந்து இறக்குங்கள். இதை அடுத்த பொதுக்குழுவில் தீர்மானமாகவே நிறைவேற்றுங்கள்.

ஜமாஅத் பெரியவர்களே, இமாம்களே!

வட்டி, வரதட்சணை பற்றி ஜும்ஆவில் பேசுகிறோம். ஸ்கிரீன்ஷாட் என்ற புறம் பற்றியும், ஃபார்வர்டு என்ற அமானித மோசடி பற்றியும் ஒரு ஜும்ஆவில் பேசுங்கள். இளைஞர்களுக்குப் புரிகிற பாவம் இது. மிம்பரிலிருந்து அவர்கள் இன்னும் அதிகம் கேட்டிராத பாவமும் இதுதான்.

சமுதாயமே! உனக்காகப் பெயரையே துறந்து உழைப்பவனுக்கு நீ சம்பளம் தர வேண்டாம், சால்வை போட வேண்டாம், மேடை தர வேண்டாம். அவன் மறைத்த பெயரை நீயும் மறைத்தால் போதும். நாளை ஒரு தம்பியின் வேலை போய், ஒரு தங்கையின் படம் ஏலத்துக்கு வந்து, அதற்கான நூலின் முதல் முனை உன் செல்போனில்தான் இருந்தது என்று தெரிய வந்தால், மறுமையில் எந்த முகத்தோடு நிற்பாய்?

அமானிதங்களை அவற்றுக்குரியவர்களிடம் சேர்ப்பிக்கும் மக்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக! மறைவில் உழைப்போரின் உழைப்பை ஏற்று, அவர்களைத் தன் பாதுகாப்பில் வைத்துக் கொள்வானாக! ஆமீன்.